தனி ஆவர்த்தனம் இல்லாத முழுக் கச்சேரி

போன் வந்தபோது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு நாளாக விடாமல் பெய்துவிட்டு அன்றுதான் வெயில் எட்டிப் பார்த்திருந்தது. தெரியாத நம்பர். எடுக்காமல் விட்டிருக்கலாம்.

"சாரே, நான் மிருதங்கம் வாசிக்கிய போஸ்ட்மேனுக்க மவளாக்கும்," என்றாள். "அப்பாவுக்கு ஒங்ககிட்ட ஒரு காரியம் கேக்கணுமாம். அவருக்குப் போன்ல ஒண்ணும் கேக்காது. அதான் நான் விளிச்சேன்."

கையிலிருந்த ஈரச் சட்டையை மறுபடியும் வாளியிலேயே போட்டேன். அவள் என்ன கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"பேப்பர்ல போட்டிருந்தாவ இல்லியா, அந்தப் பெரிய வயலின்காரருக்க முழுக் கச்சேரி ஒங்க கையில உண்டுண்ணு. அதுல அப்பா தனியா வாசிச்ச பாகம் இருக்குமே, அத அவருக்கு ஒரு தடவ கேக்கணுமாம். ஒரு காது போயாச்சு சாரே. மத்ததும் ஓணத்துக்கு முன்ன போயிரும்ணு காரக்கோணம் ஆஸ்பத்திரியில டாக்டர் சொல்லிட்டாரு."

"உண்டு மக்ளே," என்றேன். "முழுசா உண்டு."

அவள் பதில் சொல்வதற்குள் போனைக் கிழவர் பிடுங்கிவிட்டார். காது கேட்காதவர்கள் பேசுகிற சத்தத்தில் கத்தினார். "எலே மக்கா! அவரு பலேண்ணு சொன்னது அதுல கேக்குமா? நான் கேக்கியது அதாக்கும்! அந்தப் பலே உண்டா?"

"உண்டு அண்ணே!" என்று நானும் கத்தினேன். பக்கத்து மாடியில் மிளகாய் உலர்த்திக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அவருக்குக் கேட்கவில்லை. மகள்தான் பக்கத்திலிருந்து சொன்னாள், "உண்டாம் அப்பா, உண்டாம்." பிறகு, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் சொன்னது பொய். என் கையில் இருக்கும் கச்சேரியில் அவருடைய தனி இல்லை, பலேயும் இல்லை. இரண்டையும் இல்லாமல் ஆக்கியவன் நான்தான்.

அந்த வயலின்காரரின் பெயரை எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஸ்டுடியோ என்றாலே அவருக்கு எரிச்சல். கண்ணாடிக்குப் பின்னால் ஒருவன் நின்றுகொண்டு நேரமாகிவிட்டது என்று விரலைக் காட்டுவதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியாதாம். அதனால் கம்பெனிகள் வெளியிட்ட ரிக்கார்டுகள் சொற்பம். அவர் வாசித்ததில் இன்று மிஞ்சியிருப்பதெல்லாம் கோயில் திடல்களிலும் கல்யாண மண்டபங்களிலும் என்னைப்போன்ற பைத்தியங்கள் டேப் ரிக்கார்டரோடு போய்ப் பிடித்து வைத்தவைதான். இப்போது திருவனந்தபுரத்தில் சிலர் சேர்ந்து அதையெல்லாம் திரட்டி இணையத்தில் எல்லோரும் கேட்கும்படி வைக்கப் போகிறார்கள். ஆறு மாதமாக நானும் என் கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அதைப் பற்றித்தான் பேப்பரில் நாலு வரி வந்தது. நான் அதை வெட்டிக் கண்ணாடி பீரோவில் ஒட்டியும் வைத்திருந்தேன்.

நான் பழைய கிறிஸ்தவ சபைக் குடும்பம். சர்ச் கொயரில் வயலின் வாசித்தேன், அதுவும் சுமாராகத்தான். ஒரு நாள் அவர் வாசித்ததை ரேடியோவில் கேட்டபிறகு என் வயலினைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். என்னால் ஆகாது என்று புரிந்துவிட்டது. பிடித்து வைக்கவாவது ஆகும் என்று டேப் ரிக்கார்டர் வாங்கினேன். நெய்யாற்றின்கரை ஆபீசில் கிளார்க் வேலை. பகலில் மலையாளத்தில் ஃபைல் எழுதுவேன். சாயங்காலமானால் எந்த உற்சவத்தில் யார் கச்சேரி என்று பஸ் ஏறிவிடுவேன். மைக் செட்டுக்காரர்கள் எல்லோரும் எனக்குத் தோஸ்து. ஆம்ப்ளிஃபயரிலிருந்து எனக்கென்று ஒரு ஒயர் இழுத்துக் கொடுப்பார்கள். ஊரில் என்னை டேப்புச் சாரு என்பார்கள், பின்னால் கேலியாகவும் முன்னால் மரியாதையாகவும்.

எங்கள் டேப் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. தனி ஆவர்த்தனம் வந்தால் நிறுத்திவிடுவோம். கச்சேரியின் நடுவில், பெரிய பாட்டு முடிகிற இடத்தில், மற்றவர்கள் வாத்தியத்தை மடியில் வைத்துவிட்டுத் தாளம் மட்டும் போட, மிருதங்கக்காரர் தனியாகப் பத்துப் பதினைந்து நிமிடம் வாசிப்பாரே, அதுதான் தனி. சபையில் பாதிப்பேர் சாயா குடிக்க எழுந்து போவது அப்போதுதான். கேசட் விலை விற்ற விலையில், யார் தாளத்தைப் பிடித்து வைப்பார்கள்? பாஸ் பொத்தானை அமுக்கு, வயலின் திரும்பி வரும்போது எடு. அவ்வளவுதான்.

இதில் எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் வேறு இருந்தது. மற்றவர்கள் கண்டபடி அமுக்குவார்கள், நிறுத்தி எடுத்த இடத்தின் ஒட்டு முகத்தில் அடிக்கும். நான் தாளத்தின் முதல் அடியில் அமுக்கி, பதினைந்து நிமிடம் கழித்து இன்னொரு முதல் அடியில் எடுப்பேன். கேட்பவனுக்குத் தனி என்ற ஒன்று நடந்ததாகவே தெரியாது. நாகர்கோவில் வரைக்கும் என் கேசட்டுகளுக்கு இதற்காகவே பெயர் இருந்தது. இப்படி நடுவில் அறுத்ததற்கு நாங்கள் வைத்த பெயர் முழுக் கச்சேரி. ஒருவனுக்கும் அதில் தப்புத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அந்தக் கச்சேரி பாறசாலைக்கு இந்தப் பக்கம், ஒரு கோயில் உற்சவத்தில். வயலின்காரர் காரில் வந்துவிட்டார். கூட வாசிக்கவேண்டிய பெரிய மிருதங்க வித்துவான் வந்த ரயில் வழியில் எங்கேயோ நின்றுவிட்டது. நாலு மணிக்குக் கமிட்டிக்காரர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, கோயில் கடிதங்களோடு சைக்கிளில் வந்து இறங்கினார் நம்ம போஸ்ட்மேன். டான்ஸ் ஸ்கூல்களிலும் சின்னக் கோயில்களிலும் வாசிக்கிறவர். என்னைவிட எட்டொன்பது வயது மூத்தவர். அவரைப் பிடித்து, காக்கியைக் கழற்றி வேட்டி கட்டவைத்து மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

வயலின்காரர் அவரை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். நல்லவிதமாகவும் சொல்லவில்லை, கெட்டவிதமாகவும் சொல்லவில்லை. யாரையும் புகழாத மனிதர் என்று ஊர் உலகத்துக்கே தெரியும்.

அன்று காம்போதி ராகத்தைப் பெரிதாக வாசித்தார். அதைப் பற்றி எழுத எனக்குப் புத்தி போதாது. அது முடிந்து வயலினை மடியில் வைத்தார். என் விரல் தானாகவே போய்ப் பாஸை அமுக்கியது. போஸ்ட்மேன் தனி ஆரம்பித்தார். பாதி ஜனம் எழுந்தது. டேப் ஓடவில்லையென்றாலும் ஹெட்போனில் மேடைச் சத்தம் வந்துகொண்டிருக்கும். வயலின் எப்போது வரும் என்று பார்க்க நான் அதைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் அவர் கை நடுங்கியது, சத்தத்திலேயே தெரிந்தது. பிறகு நடுக்கம் நின்றது. வேகமெல்லாம் கிடையாது. மூன்று மூன்றாக, ஒரு நடையை எடுத்துப் பைய நடத்திக்கொண்டு போனார். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே அவ்வளவு இடம் விட்டார். விட்ட இடத்தில் எதையும் திணிக்கவில்லை. அப்போதுதான் என் காதுக்குள் வயலின்காரரின் குரல் கேட்டது. சின்னக் குரலில், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் சொல்வதுபோல, "பலே."

பாஸை எடுத்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. எடுக்கவில்லை. அங்கே எடுத்தால் ஒட்டு அசிங்கமாக விழும். அதற்காக எடுக்கவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது.

மறுநாளே போஸ்ட்மேன் தபால் கொடுத்த வீடெல்லாம் சொல்லியிருக்கிறார், "அவரு எனக்கு பலே சொன்னாரு கேட்டீரா?" என்று. யார் நம்புவார்கள்? சபையில் பாதிப்பேர் சாயாக்கடையில் இருந்தார்கள், மீதிப்பேருக்கு ஸ்பீக்கர் இரைச்சலில் அந்தச் சின்னக் குரல் கேட்டிருக்காது. கமிட்டி செக்ரட்டரி சிரித்தார். "ராஜா சபையில எல்லாம் தராத பலேய எடுத்து ஒமக்குத் தந்துட்டுப் போனாராக்கும்!" ஒரு வருஷத்துக்குள் அது அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. பலே போஸ்ட்மேன். சைக்கிள் மணி கேட்டாலே பையன்கள், "பலே வருது, பலே வருது" என்று கூவுவார்கள். அவர் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

ஒரு தடவை கோர்ட் முக்கு சாயாக்கடையில் எல்லோரும் அவரைப் பிடித்துக்கொண்டபோது நானும் அங்கே இருந்தேன். எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே அந்தக் கேலி நின்றிருக்கும். ஆனால் நான் கேட்டேன் என்று சொன்னால், அப்போ டேப்பைப் போடும் என்பார்கள். போட்டால் இல்லை. முழுக் கச்சேரி என்ற என் பெயர் அந்த இடத்திலேயே போயிருக்கும். வெளியே வந்தபிறகு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார்.

"மக்கா, அந்த டேப்பு பத்திரமா உண்டில்லியா?"

"பத்திரமா உண்டு அண்ணே. முழுக்க உண்டு."

"இருக்கட்டு. இப்பம் வேண்டாம். கேட்டு, அது இல்லாம போச்சுண்ணா பின்ன எனக்கு ஒண்ணும் இல்ல. ஒரு நாள் வாறேன்."

முப்பது வருஷத்துக்கு மேல் அவர் வரவில்லை. இப்போது காது போகப் போகிறது, அதனால் வருகிறார். அவர் சொன்னதை ஊர் நம்பாமல் போய், அந்த ஊரோடு சேர்ந்து அவரும் தன்னை நம்பாமல் போய்விட்டார். அதுதான் விஷயம். அவருக்கு வேண்டியது பேரும் இல்லை, புகழும் இல்லை. தான் பொய் சொல்லவில்லை என்று தன் காதால் ஒரு தடவை கேட்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. முதல் நாள் முழுக்கக் கேசட்டுகளைக் குடைந்தேன், எங்காவது, யாராவது, இன்னொருவன் அன்று பிடித்திருப்பானா என்று. பழைய ஆட்களில் உயிரோடு இருப்பவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். நாகர்கோவில்காரர் ஒருவர், "எனக்க கிட்ட இருக்கியது நீ தந்த காப்பிதானே, ஒட்டே தெரியாதே!" என்று பாராட்டினார். போனைத் தூக்கி எறியலாம்போல வந்தது.

இரண்டாம் நாள் அந்த யோசனை வந்தது. வந்தது என்ன, முதல் நாளே வந்துவிட்டது. இரண்டாம் நாள் அதற்கு இடம் கொடுத்தேன். எனக்குத்தான் ஒட்டத் தெரியுமே. இணையத்தில் கிடக்கிற தனிகளில் ஆதி தாளத்தில் ஒன்றை எடுத்தேன். வாசித்தவர் அவ்வளவாகப் பெயர் தெரியாதவர், செத்துப் பல வருஷமாகிவிட்டது. சுருதியைக் கொஞ்சம் இறக்கி நம் வயலினோடு சேர்த்தேன். அது ரேடியோவுக்கு வாசித்தது, துடைத்து வைத்ததுபோல இருந்தது. ஆகவே உற்சவ டேப்பிலிருந்தே ஜெனரேட்டர் இரைச்சலும் ஜனச் சத்தமும் எடுத்து அதற்கடியில் விரித்தேன். வயலின்காரர் வேறொரு கச்சேரியில் கடம் வாசித்தவருக்குப் பலே சொன்னது என்னிடம் இருந்தது. அவர் குரலேதான். அதை வெட்டி எடுத்து, மூன்று மூன்றாக வருகிற ஓர் இடத்தில் வைத்தேன். மூன்று நாள் ஆயிற்று. எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுக் கேட்டபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. நிஜம்போலவே இருந்தது. திருடனுக்கும் தன் தொழிலில் ஒரு திருப்தி இருக்கும் போலிருக்கிறது.

என் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்க, மூணு நாளா என்னத்த ஒட்டிட்டு இருக்கீங்க?"

"ஒரு டேப்பில ஓட்டை கெடக்கு. அடைக்கேன்."

அவளுக்கு இந்தக் கதை தெரியும். கல்யாணமான புதிதில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், நான் மட்டும்தான் அதைக் கேட்டேன் என்று. திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள்.

"போயி வாயால சொல்லப்பிடாதா? அவரு சொன்னாரு, நான் கேட்டேன்ணு. அது நெசந்தானே? இது என்னத்துக்கு?"

"சும்மா சொன்னா போதுமா? அவருக்குக் கேக்கணுமாம். காதால கேக்கணுமாம்!"

"அவருக்குக் கேக்கணும். ஒங்களுக்குத் தப்பிக்கணும்," என்றாள். "இது கள்ளச் சாட்சியாக்கும். பைபிளத் தொட்ட கையால செய்யாதீங்க."

நான் கத்தினேன். இசையைப் பற்றி ஒன்றும் தெரியாமல் பேசாதே என்றேன். இதில் இசை எங்கே வந்தது? அவள் உள்ளே போய்விட்டாள். ஞாயிறு காலை நான் சர்ச்சுக்குப் போகவில்லை. அவள் தனியாகக் குடையை எடுத்துக்கொண்டு போனாள், ஏன் வரவில்லை என்று கேட்கவும் இல்லை.

லேப்டாப்பைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். ரப்பர் தோட்டத்து வளைவில் மழை பிடித்தது. ஒரு கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றபோது, லேப்டாப் நனைந்து தொலைந்தால் நல்லது என்று ஒரு நினைப்பு வந்தது. பையைத் திறந்து பார்த்தேன். ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை.

அவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேடை ஏறப் போகிறவர் மாதிரி நெற்றியில் சந்தனம். மகள் பள்ளிக்கூட டீச்சர். வாசலில் வந்து பையை வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டு நாளா உறங்கல்ல சாரே," என்றாள் மெதுவாக. "கேட்டு முடிச்சதும் ஒரு வேள அழுதாருண்ணா ஒண்ணும் நெனைக்கப்பிடாது."

நல்ல காதில் இருந்த மெஷினை அவர் கழற்றினார். நான் ஹெட்போனை மாட்டிவிட்டேன். சத்தத்தை முழுக்க வைத்தேன்.

காம்போதியிலிருந்து போட்டேன். வயலின் வந்ததும் அவர் முகம் விரிந்தது. "அவருதான்," என்றார் கத்தி. "அவருதான் மக்கா!" தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். ஹெட்போனிலிருந்து கசிகிற சத்தத்தை வைத்து எந்த இடம் போகிறது என்று எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. இன்னும் மூன்று நிமிடம். இன்னும் ஒரு நிமிடம். ஒட்டு வருகிறது.

ஒட்டு கடந்தது. அவர் தாளம் நிற்கவில்லை. முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் மகளைப் பார்த்தேன், அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் போயிற்று. நான் பலே வைத்த இடம் வந்தது, போயிற்று. அவர் விரல் அந்த அடியில் மட்டும் கொஞ்சம் தாமதித்ததுபோல இருந்தது, அவ்வளவுதான். தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் ஒரு சந்தோஷம்கூட வந்தது. ஒரு கிழவரை நிம்மதியாக அனுப்பி வைத்த புண்ணியம் என்று மனசுக்குள் ஒரு வார்த்தைகூடத் தயாராகிவிட்டது.

தனி முடிந்து வயலின் வந்து, பாட்டு நின்று, கைதட்டல் கேட்கும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு ஹெட்போனைத் தானே கழற்றி மடியில் வைத்தார்.

"நல்ல கை," என்றார். "ஆரு இது?"

நான் புரியாததுபோல முகத்தை வைத்துக்கொண்டேன்.

"வாசிக்கியது ஆருண்ணு கேட்டேன். எனக்க கை இத்தன வேகம் ஒருநாளும் ஓடினதில்ல மக்கா. மொதல் சுத்திலயே தெரிஞ்சு போச்சு. நடுவில எழும்பப்பிடாதுண்ணு கேட்டுட்டு இருந்தேன். ஒருத்தன் வாசிக்கும்போ எழும்பப்பிடாது." மடியிலிருந்த ஹெட்போனை ஒரு தடவை புரட்டிப் பார்த்தார். "இதில வாசிக்கியது நானில்ல. அப்போ அவரு பலேண்ணு சொன்னது ஆருக்கு?"

மகள், "சாரே?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குக் கேட்கவேண்டும் என்றால் கத்தவேண்டும். பாவத்தை மெதுவாகச் சொல்லிப் பழகியவனுக்குக் கத்திச் சொல்வது என்னவென்று அன்று தெரிந்தது. "டேப்ப நிறுத்திட்டேன் அண்ணே!" என்றேன். அவர் காதருகே கையை வைத்து, "என்னது?" என்றார். "நிறுத்திட்டேன்! தனிக்கு எப்பவும் நிறுத்துவேன்! இது வேற ஒருத்தரு வாசிச்சது! நான் வெட்டி ஒட்டினேன்!" பக்கத்து வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. மகள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அவர் மெஷினை எடுத்துக் காதில் மாட்டினார். அது கீச்சென்று ஒரு சத்தம் போட்டு நின்றது.

"எதுக்கு நிறுத்தினே?"

"டேப்பு தீந்திரும்ணு அண்ணே."

"தீந்துதா?"

நான் தலையை ஆட்டினேன். தீரவில்லை. அன்று மழை வந்து கச்சேரி சீக்கிரம் முடிந்தது. கேசட்டின் கடைசியில் இருபது நிமிடம் இன்றும் ஒன்றுமில்லாமல்தான் கிடக்கிறது. அவருடைய தனி முழுசும் அதில் அடங்கியிருக்கும். அதையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் ஒன்றையும் உள்ளே வைத்துக்கொள்ள முடியவில்லை.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னையும் பார்க்காமல் மகளையும் பார்க்காமல் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் எனக்கு, நான் கொண்டுவந்த ஒரே நல்ல பொருளை இன்னும் கொடுக்கவே இல்லை என்று உறைத்தது. அவர் நாற்காலியின் முன்னால் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, அவரு சொன்னாரு! பலேண்ணு சொன்னாரு! நீங்க மூணு மூணா பைய வாசிச்சீங்களே, அங்க! நான் ஹெட்போன்ல கேட்டேன்! எனக்க காதால கேட்டேன்! சத்தியமா!"

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். கத்திச் சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குக் கேட்டது, கண்ணில் தெரிந்தது. என் முகத்தை அவர் ரொம்ப நேரம் பார்த்தார். தபால் உறையில் மங்கின விலாசத்தைப் படிக்கிற பார்வை. நம்பவேண்டும் என்று அவருக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பதை அவ்வளவு பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். பிறகு மடியிலிருந்த ஹெட்போனை எடுத்து என் கையில் வைத்தார்.

"இதிலயும்தான் சொன்னாரு," என்றார். "நீ வெறுங்கையோட வந்து சொல்லியிருந்தா நம்பியிருப்பேன் மக்கா."